மலைப் பாதைக்கு உகந்த சப்பாத்து: தெரிவும் பராமரிப்பும்

நகரசபையின் சமூக சேவைகள் பிரிவு தமிழ்க் குடியிருப்பாளர்களுக்காக நடத்திய தகவல் மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



வசந்தகால விடுமுறை முடிந்து பாடசாலைகள் மீண்டும் தொடங்கியதும், சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரின் கைக்கு ஒரு கடிதம் வந்து சேர்கின்றது. வகுப்பு முழுவதும் மலைநடைக்குச் செல்லவிருக்கின்றது என்பதும், பிள்ளை எவற்றைக் கொண்டுவர வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். தண்ணீர்ப் போத்தல், மழையங்கி, மதிய உணவு என்று நீளும் பட்டியலில் "கூட்டெஸ் ஷூவெர்க்" என்ற இரு சொற்களும் இடம்பெறும். "நல்ல காலணி" என்பது அதன் நேர்ப்பொருள். புதிதாக வாங்கிய வெள்ளை விளையாட்டுச் சப்பாத்தும் நல்ல காலணிதானே என்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆயினும் ஆசிரியர் கருதுவது வேறு. பற்கள் ஆழமான அடி, குதிக்காலை உறுதியாகப் பிடிக்கும் உடல், ஈரத்தைத் தாங்கும் மேற்பகுதி ஆகிய மூன்றும் உள்ள காலணியையே அவ்விரு சொற்களும் குறிக்கின்றன.

இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் அதன் விளைவு சிறிதன்று. மலைநடையில் நேரும் விபத்துகளுள் பெரும்பாலானவை பாறை வீழ்ச்சியாலோ இடி மின்னலாலோ நேர்வனவல்ல. கால் வழுக்குதலும், இடறுதலும், அதனால் விழுதலுமே அவற்றின் காரணம். காலை நேரத்து ஈரப் புல்லும், மழை பெய்த பின் மரவேர்களும், யூன் மாதத்திலும் நிழற்சரிவுகளில் கரையாது கிடக்கும் பனித்திட்டும், தளர்ந்த சிறுகற்களும் காலணியைச் சோதிக்கும் இடங்கள். அங்கு உடலுக்கும் பள்ளத்துக்கும் இடையே நிற்பது ஒரு சப்பாத்தின் அடிப்பகுதி மட்டுமே.

எனவே மலைச் சப்பாத்தை எவ்வாறு தெரிவது, எவ்வாறு பேணுவது என்பவை இவ்வுரையின் பொருளாகின்றன. இவற்றோடு, பலரும் அறியாத ஓர் உண்மையும் வலியுறுத்தப்பட வேண்டியுள்ளது. மலைச் சப்பாத்து நடந்து தேய்வதைக் காட்டிலும், அணியாமல் பூட்டி வைக்கப்பட்டு அழிவது உண்டு என்பதே அது.

பாதையின் நிறமே முதல் ஆலோசனை

சுவிற்சர்லாந்தில் நடைபாதை என்பது வெறும் பொழுதுபோக்குப் பொருளன்று. 1979ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நடைபாதைகளும் மலைநடைப் பாதைகளும் கூட்டாட்சி அரசியலமைப்பில் இடம்பெற்றன. இன்று 65,000 கிலோமீற்றருக்கும் அதிகமான பாதைகள் ஒரே முறையான அடையாளங்களோடு நாடெங்கும் பரந்துள்ளன. இவற்றைப் பேணும் பணியை ஒருங்கிணைக்கும் சங்கம் 1934இல் தோன்றியது. அதன் தோற்றத்துக்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், நடந்து செல்வோருக்குத் தனிப்பாதை வேண்டும் என்ற எண்ணமே மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகளாக உருப்பெற்றது.

அப்பலகைகளின் நிறம் எத்தகைய காலணி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகின்றது.

முழுவதும் மஞ்சள் நிறமான பலகை பொதுவான நடைபாதையைக் குறிக்கும். இப்பாதைகள் பெரும்பாலும் அகலமானவை. செங்குத்தான இடங்களில் படிகளும், விழக்கூடிய இடங்களில் கைப்பிடிகளும் இருக்கும். நல்ல பிடிப்புள்ள சாதாரண நடைச் சப்பாத்தே இங்கு போதுமானது. இதற்கென விலையுயர்ந்த மலைச் சப்பாத்தை வாங்க வேண்டிய தேவை இல்லை.

மஞ்சள் பலகையின் முனை வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனத் தீட்டப்பட்டிருந்தால் அது மலைப் பாதை. இப்பாதை செங்குத்தாகவும் ஒடுங்கியும் இருக்கலாம். சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளமாகவும் இருக்கும். தடுமாறாத நடையும், உயரத்தைக் கண்டு தலைசுற்றாத இயல்பும், நல்ல உடல்வலுவும் உள்ளோருக்கே இப்பாதை உரியது. பற்கள் ஆழமான அடியைக் கொண்ட உறுதியான சப்பாத்து இங்கிருந்து கட்டாயமாகின்றது.

நீலப் பலகையில் வெள்ளை, நீலம், வெள்ளை எனத் தீட்டப்பட்டிருந்தால் அது உயர்மலைப் பாதை. பனிவெளி, பனியாறு, கற்சரிவு, கையால் பற்றி ஏறவேண்டிய பாறை ஆகியன அதில் எதிர்ப்படலாம். அதற்கு விறைப்பான அடியுள்ள சப்பாத்தோடு அனுபவமும் கயிறு முதலிய கருவிகளும் வேண்டும். முதன்முறை மலைக்குச் செல்லும் குடும்பம் இப்பாதையைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

கடைகளிலும் ஏறத்தாழ இதே ஒழுங்கு பின்பற்றப்படுகின்றது. மலைச் சப்பாத்துகள் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளால் வகுக்கப்படுவதுண்டு. ஏ என்பது இலகுவான பாதைக்குரிய வளையும் சப்பாத்து. டி என்பது பனிமலை ஏறுவோர் அணியும் வளையாத சப்பாத்து. இடைப்பட்ட ஏ/பி, பி ஆகிய வகைகள் வெள்ளை, சிவப்பு, வெள்ளைப் பாதையில் நடக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்துவன. "எதற்கும் இருக்கட்டும்" என்று மிகக் கனமான சப்பாத்தை வாங்குவோர் அரைநாளிலேயே களைத்துப்போகின்றனர். களைத்த கால் இடறுகின்றது. ஆகவே செல்லவிருக்கும் பாதையின் நிறத்தை முதலில் அறிந்து, அதன் பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று.

இலக்கம் அன்று, பாதமே அளவு

ஐரோப்பிய அளவில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்த இலக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர். அவ்விலக்கம் நீளத்தை மட்டுமே காட்டும். அகலத்தையோ பாதத்தின் உயரத்தையோ காட்டாது. சிறுவயதில் வெறுங்காலோடு வளர்ந்தோரின் முன்பாதம், எப்போதும் காலணி அணிந்து வளர்ந்தோரின் முன்பாதத்தை விட அகன்றிருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடப்போரை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வும் இதனை எடுத்துக்காட்டியது. தாயகத்தில் வளர்ந்து இங்கு வந்தோர் பலர், ஒடுங்கிய ஐரோப்பிய அச்சில் செய்யப்பட்ட சப்பாத்தைத் தமக்குரிய இலக்கத்தில் அணிந்து பார்த்து, விரல்கள் நெரிபடவே, ஓரிரு இலக்கங்கள் பெரிதாக வாங்கிவிடுகின்றனர். அகலம் சரியாகின்றது; நீளம் மிகுந்துவிடுகின்றது. பாதம் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கிக் கொப்புளம் உண்டாகின்றது. இத்தகையோர் பெரிய இலக்கத்தைத் தேடாமல், அகன்ற அச்சில் செய்யப்பட்ட சப்பாத்தைக் காட்டுமாறு விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். பெரும்பாலான மலைச் சப்பாத்து நிறுவனங்கள் அத்தகைய வகையையும் செய்கின்றன.

அணிந்து பார்ப்பதற்கு மாலை நேரமே உகந்தது. பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அவ்வாறே வீங்கும். மலைநடையில் அணியும் தடித்த காலுறையையே கடைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி நின்றால், குதிக்காலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும். பின்னர் குதிக்காலைப் பின்னே தட்டி அமர்த்தி நாடாவைக் கட்டி நடக்கும்போது, குதி மேலெழக் கூடாது. நல்ல கடைகளில் சிறு சரிவுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். அதில் இறங்கும்போது விரல்நுனி முன்னே முட்டுமாயின் அச்சப்பாத்து பொருந்தாது. கடையில் சிறிதாக உறுத்துவது மலையில் பெரிதாக வலிக்கும். "போகப் போகப் பழகிவிடும்" என்பது தோல் சற்று இளகுவதைப் பொறுத்தமட்டில் உண்மை. நீளம் குறைவாயின் அது ஒருபோதும் பழகுவதில்லை.

பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று தோலை மென்மையாக்கும். கொப்புளத்துக்கு அதுவே வழி. கம்பளியும் செயற்கை நூலும் கலந்த காலுறையே மலைநடைக்கு ஏற்றது. புதிய சப்பாத்தை முதலில் வீட்டினுள்ளும், பின்னர் படிகளிலும், அதன்பின் அருகிலுள்ள காட்டுப் பாதையிலும் அணிந்து பழகிய பிறகே நெடும் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். மேலே ஏறும்போது கணுக்காலருகே நாடாவைச் சற்றுத் தளர்த்துவதும், இறங்கும்போது இறுக்குவதும் மலைவாசிகளின் வழக்கம். இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து நகங்கள் கறுப்பதை அது தடுக்கின்றது.

அடிப்பகுதி உணர்த்தும் பாடம்

முற்காலத்தில் ஆல்ப்ஸ் மலைவாசிகள் தோற்சப்பாத்தின் அடியில் இரும்பு ஆணிகளை அறைந்து நடந்தனர். பாறை ஏறும் இடம் வந்ததும் அதனைக் கழற்றிவிட்டு மெல்லிய காலணியை அணிந்துகொள்வர். 1935ஆம் ஆண்டு, இத்தாலிய, சுவிஸ் எல்லையிலுள்ள புந்தா றசிக்கா என்னும் சிகரத்தில் ஏறிய குழுவொன்று திடீரெனப் புயலில் அகப்பட்டது. மெல்லிய காலணி குளிரையும் தாங்கவில்லை; உறைந்த பாறையில் பிடிப்பையும் தரவில்லை. அறுவர் உயிரிழந்தனர். அவர்களின் தோழரான வித்தாலே பிரமானி என்ற மிலான் நகரத்தவர், பாறைக்கும் பனிக்கும் பொதுவான இறப்பர் அடியொன்றை உருவாக்கத் துணிந்தார். 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பெயரின் எழுத்துகளிலிருந்து அமைந்ததே "விப்ரம்" என்ற பெயர். அவர் வகுத்த, சிலுவை வடிவப் பற்கள் கொண்ட அமைப்பு இன்றும் எண்ணற்ற மலைச் சப்பாத்துகளின் அடியில் காணப்படுகின்றது.

சப்பாத்தை வாங்குவோர் முதலில் அதனைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவ்வரலாறே சான்று. பற்கள் ஆழமாகவும், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டும் இருத்தல் நன்று. இடைவெளி குறைந்தால் சேறு அடைத்து அடி வழவழப்பாகிவிடும். குதிப்பகுதியின் முன்விளிம்பு படிபோல் வெட்டப்பட்டிருந்தால் இறக்கத்தில் அது தடையாகப் பயன்படும். அணிந்து பழகிய சப்பாத்திலோ, முன்பாதத்தின் கீழும் குதியின் வெளிவிளிம்பிலும் பற்கள் தட்டையாகிவிட்டன என்றால் அதன் மலைவாழ்க்கை முடிந்தது எனக் கொள்ள வேண்டும். மேற்பகுதி புதிதுபோல் மின்னினும் இம்முடிவு மாறாது.

நீர் புகாமை என்பது என்ன?

"நீர் புகாது" என்று பெட்டியில் எழுதப்பட்டிருப்பது இரு வேறு முறைகளைக் குறிக்கலாம். ஒன்று, தடித்த முழுத்தோலால் செய்து மெழுகு பூசிப் பேணும் பழைய முறை. மற்றையது, தோலுக்கோ துணிக்கோ உட்புறத்தில் மென்படலம் ஒன்றைக் காலுறைபோல் பொருத்தும் புதிய முறை. இப்படலங்களுள் பெயர்பெற்றது கோர்டெக்ஸ். அதற்கு அடிப்படையான நுண்துளைப் பொருளை 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் கண்டறிந்தார். அதன் நுண்துளை ஒவ்வொன்றும் நீர்த்துளியை விட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியது. ஆயினும் நீராவியின் மூலக்கூற்றை விடப் பல நூறு மடங்கு பெரியது. ஆகவே வெளியிலுள்ள மழைநீர் உள்ளே வராது. உள்ளே உண்டாகும் வியர்வை ஆவியாக வெளியேறும்.

இங்குதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். படலம் உட்புறத்தில் உள்ளது. அதன் வெளியே உள்ள தோலும் துணியும் நீரைத் தள்ளும் பூச்சினால் காக்கப்படுகின்றன. நாளடைவில் அப்பூச்சு தேய்ந்துவிடும். அப்போது மேற்பகுதி நீரைக் குடித்துக் கனக்கின்றது. ஈரம் நிறைந்த மேற்பகுதியின் ஊடாக வியர்வை ஆவி வெளியேற இயலாது. பாதம் உள்ளேயே நனைகின்றது. அணிந்தவரோ, "சப்பாத்து ஒழுகுகின்றது" என்று எண்ணி அதனை எறிந்துவிடுகின்றார். உண்மையில் அச்சப்பாத்துக்கு வேண்டியது துப்புரவும் புதுப்பூச்சும் மட்டுமே. சோதனை எளிது. சப்பாத்தின் மேல் சில துளி நீரைத் தெளிக்க வேண்டும். துளிகள் தாமரையிலையில் நிற்பதுபோல் உருண்டோடினால் பூச்சு உள்ளது. கறுத்துப் பரவி ஊறினால் பூச்சு போய்விட்டது.

படலத்துக்கும் குறைகள் உண்டு. கோடையில் அது வெப்பமானது. கணுக்காலுக்கு மேலாக நீர் உள்ளே வந்துவிட்டால் அது வெளியேற நெடுநேரம் பிடிக்கும். உள்ளே புகுந்த சிறுகல்லும், வெட்டப்படாத நகமும் படலத்தைக் கிழிக்கும். கிழிந்த படலத்தை எந்தப் பூச்சும் மீட்காது. வெயில் நாட்களில் மஞ்சள் பாதையில் மட்டுமே நடப்போருக்குப் படலமில்லாச் சப்பாத்தே சுகமானது. மழையிலும் பனியிலும் மலைக்குச் செல்வோருக்கே நீர்புகாச் சப்பாத்து தன் விலைக்குரிய பயனைத் தருகின்றது.

வீடு திரும்பிய மாலையில் செய்யவேண்டியவை

பராமரிப்பு கடினமானதன்று. நடை முடிந்த அன்று மாலையே தொடங்குவதுதான் முக்கியம். காய்ந்த சேறு தோலிலுள்ள எண்ணெய்ப்பசையை உறிஞ்சி அதனை வெடிக்கச் செய்யும்.

முதலில் நாடாவைக் கழற்றி, உள்மெத்தையையும் வெளியே எடுக்க வேண்டும். தூரிகையாலும் இளஞ்சூட்டு நீராலும் சேற்றை அகற்ற வேண்டும். சலவை இயந்திரம் மலைச் சப்பாத்துக்கு உரியதன்று. உள்ளே பத்திரிகைத் தாளை உருட்டி வைத்து, அது ஈரமானதும் மாற்ற வேண்டும். காற்றோட்டமுள்ள நிழலில் உலரவிட வேண்டும்.

அறைச் சூடாக்கியின் மேலும், விறகு அடுப்பின் அருகிலும், வெயிலில் நிற்கும் காரின் உள்ளேயும் சப்பாத்தை உலர்த்துதல் ஆகாது. மிகு வெப்பத்தில் தோல் சுருங்கி வெடிக்கின்றது; அடியை ஒட்டிய பசை இளகுகின்றது. மறுநாளும் தேவைப்படுகின்றது என்ற அவசரத்தில் சூடாக்கியின் மேல் வைக்கப்பட்ட சப்பாத்துகளே மிக விரைவில் பழுதாகின்றன.

உலர்ந்த பின்பே பூச்சு. வழவழப்பான முழுத்தோலுக்கு அதற்கென விற்கப்படும் மெழுகை மெல்லியதாகத் தடவித் தேய்க்க வேண்டும். நூபக் எனப்படும் வெல்வெற் போன்ற தோலுக்கும் துணிக்கும் தெளிப்பானே ஏற்றது. மெழுகு பூசினால் அவற்றின் துளைகள் அடைபடும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயையோ சமையல் எண்ணெயையோ பூசுதல் தவறு. அது தோலைத் தளர்த்திப் பிடிப்பை இழக்கச் செய்யும்.

தெளிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதனை வீட்டினுள்ளோ, குளியலறையிலோ, மூடிய மாடத்திலோ பயன்படுத்தக் கூடாது. 2002, 2003ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிற்சர்லாந்தில் இத்தகைய தெளிப்பான்களின் நுண்துளிகளைச் சுவாசித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்புக்கு உள்ளாயினர். திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு நின்று, பிள்ளைகளையும் வளர்ப்புப் பறவைகளையும் தள்ளி வைத்துத் தெளிப்பதே பாதுகாப்பு. தெளித்த பின் இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் 145 என்ற நச்சுத் தகவல் நிலைய இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். மூச்சுத்திணறல் கடுமையாயின் 144 என்ற மருத்துவ அவசர இலக்கத்தையே அழைக்க வேண்டும்.

பெட்டியில் உறங்கும் சப்பாத்து

தமிழ்க் குடும்பங்களில் விலையுயர்ந்த பொருளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் ஆழமானது. பட்டுச்சேலை அலுமாரியில் இருப்பதுபோல், மலைச் சப்பாத்தும் பிளாஸ்ரிக் பையில் சுற்றப்பட்டு, பெட்டியில் இடப்பட்டு, "கெல்லர்" எனப்படும் நிலவறையில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்படுகின்றது. இரண்டு முறையே அணிந்த சப்பாத்து, புதிதுபோலவே இருக்கின்றது. எட்டு ஆண்டுகளின் பின் அதனை எடுத்து அணிந்து மலைக்குச் சென்றால், இரண்டாம் மணித்தியாலத்தில் அடிப்பகுதி முழுதாகக் கழன்று விழலாம்.

இதற்குக் காரணம் தெளிவானது. தரையைத் தொடும் இறப்பருக்கும் மேலுள்ள தோலுக்கும் நடுவே, அதிர்ச்சியைத் தாங்கும் ஒரு மென்பகுதி உள்ளது. பல சப்பாத்துகளில் அது பொலியூரெத்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரப்பதம் அதன் உட்பிணைப்புகளை மெதுவாக உடைக்கின்றது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நிகழும். ஈரமான நிலவறையும் மூடிய பிளாஸ்ரிக் பையும் அதனை விரைவுபடுத்தும். செய்யப்பட்டு ஏறத்தாழ 5 முதல் 10 ஆண்டுகளுள் அப்பகுதி மாவாக உதிரத் தொடங்கலாம். அடிக்கடி அணிந்து, உலர்த்தி, காற்றோட்டத்தில் வைக்கப்படும் சப்பாத்தோ நெடுநாள் நிலைக்கின்றது.

ஆகவே சப்பாத்தைக் காத்தல் என்பது பூட்டி வைத்தலன்று. நடந்து, துடைத்து, உலர்த்தி, மூடாத தட்டில் வைத்தலே காத்தல்.

மலைக்குச் செல்வதற்குச் சில நாட்கள் முன்பே பழைய சப்பாத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதனைக் கையால் வலுவாக வளைத்து, நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். நுண்ணிய வெடிப்புகள், உதிரும் தூள், பிசுபிசுப்பு, விளிம்பில் விரியும் பிளவு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் அச்சப்பாத்தை மலைக்குக் கொண்டுசெல்லல் ஆகாது. மேற்பகுதி நல்ல நிலையில் இருந்தால், புதிய அடி பொருத்த இயலுமா எனச் சப்பாத்துத் திருத்துபவரிடமோ விற்ற கடையிலோ கேட்கலாம். தரமான தோற்சப்பாத்துகள் பலவற்றுக்கு இது இயலும். புதிய சோடியை விட இதற்குச் செலவும் குறைவு. வாங்கும்போதே "அடி மாற்ற முடியுமா?" என்று கேட்டு வாங்குதல் நீண்டகாலச் சிக்கனம்.

வழியிலேயே அடி கழன்றால், ஒட்டுநாடாவாலோ மாற்று நாடாவாலோ அதனைச் சுற்றிக் கட்டி, மேலே செல்லாமல் இலகுவான பாதையில் திரும்ப வேண்டும். சிறிதளவு ஒட்டுநாடாவைத் தண்ணீர்ப் போத்தலில் சுற்றி வைத்திருப்பது இத்தகைய வேளையில் உதவும்.

பிள்ளைகளும் குடும்பச் செலவும்

வளரும் பிள்ளைக்கு விலையுயர்ந்த மலைச் சப்பாத்து ஒரு பருவத்துக்கு மேல் பயன்படுவதில்லை. புறொக்கென்ஹவுஸ் எனப்படும் பழம்பொருட் கடைகளிலும், பிள்ளைகளின் ஆடை, பொருள் பரிமாற்றச் சந்தைகளிலும் நல்ல நிலையிலுள்ள சப்பாத்துகள் குறைந்த விலையில் கிடைக்கும். மேலே கூறிய வளைத்துப் பார்க்கும் சோதனையை அங்கேயே செய்ய வேண்டும். பழைய சப்பாத்து "எப்போது வாங்கப்பட்டது" என்று கேட்பது, "எத்தனை முறை அணியப்பட்டது" என்று கேட்பதை விட முக்கியமானது.

பிள்ளைகள் சப்பாத்து கடிக்கின்றது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அவர்களின் பாதம் மென்மையானது, வளைந்து கொடுக்கும். ஆகவே பெற்றோரே அளக்க வேண்டும். கடதாசி அட்டையில் பிள்ளையை நிற்கச் செய்து பாதத்தை வரைந்து, மிக நீண்ட விரலுக்கு முன் 12 மில்லிமீற்றர் சேர்த்து, அந்நீளத்தில் ஒரு பட்டையை வெட்ட வேண்டும். அப்பட்டை சப்பாத்தினுள் மடங்காமல் சென்றால் நீளம் போதும். இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பாடசாலை மலைநடைக்கு உரிய சப்பாத்து வாங்க இயலாத நிலையில், பிள்ளையை அன்று வீட்டில் நிறுத்துதல் வேண்டா. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவித்து, பாதை எத்தகையது என்றும், இரவல் பெற வழி உண்டா என்றும் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. மஞ்சள் பாதையாயின் நல்ல பிடிப்புள்ள விளையாட்டுச் சப்பாத்தே போதுமென ஆசிரியர் கூறக்கூடும்.

அணியத்தக்க நிலையிலுள்ள, காலுக்குச் சிறிதாகிவிட்ட சப்பாத்துகளைச் சோடியாகக் கட்டி ஆடை சேகரிப்புப் பெட்டியில் இடலாம். அடி உதிர்ந்தவை அதற்கு உரியனவல்ல. அவை வீட்டுக் குப்பையோடு சேர வேண்டியவை.

நீரிழிவு உள்ளோருக்கு ஒரு குறிப்பு

தமிழர்களிடையே நீரிழிவு பரவலாக உள்ளது. நெடுநாள் நீரிழிவு உள்ளோரின் பாதத்தில் உணர்ச்சி குறையலாம். சப்பாத்தினுள் கிடக்கும் சிறுகல்லோ, மடிந்த காலுறையோ அவர்களுக்குத் தெரியாது. சிறு கொப்புளம் ஆறாப் புண்ணாக மாறவும் கூடும். இத்தகையோர் அணியுமுன் சப்பாத்தினுள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதையும், நடையின் இடையே காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். புதிய சப்பாத்தை நாளொன்றுக்குச் சிறிது நேரமே அணிந்து பழக வேண்டும். மலைநடையைத் தொடங்குமுன் குடும்ப மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி ஆலோசனை பெறுதல் நன்று. நடப்பதை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. நீரிழிவுக்கு நடையும் ஒரு மருந்தே. அம்மருந்தைத் தக்க காலணியோடு உட்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

நிறைவாக

மிக நல்ல சப்பாத்தும் தவறான பாதையைச் சரியாக்காது. இடிமழை அறிவிக்கப்பட்டிருந்தாலோ, உடன் வந்தவர் களைத்துவிட்டாலோ, பாதை எண்ணியதை விடக் கடினமாயிருந்தாலோ, திரும்பி வருதலே சிறந்த நடை. விபத்து நேர்ந்தால் 144 என்ற மருத்துவ அவசர இலக்கத்தையோ, 1414 என்ற றேகா வான்வழி மீட்புச் சேவையின் இலக்கத்தையோ அழைக்கலாம். இவ்விலக்கங்களைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நாட்டின் மலைப் பாதைகள் எவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. பலகை வைத்தவரும், படி வெட்டியவரும், பாலம் இட்டவரும் அதில் நடப்பவர் எம்மொழியினர் என்று பார்த்துச் செய்யவில்லை. வேலையும் வீடுமாக ஆண்டுகள் பல கழித்த பெரியோருக்கும், இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அப்பாதைகள் சமமாக உரியவை. பாதையின் நிறத்தை அறிந்து, பாதத்துக்குப் பொருந்தும் சப்பாத்தைத் தெரிந்து, அதனைப் பெட்டியில் உறங்கவிடாது நடந்து பேணுவோருக்கு அவ்வுரிமை முழுமையாகக் கிட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை நிலவறைக்குச் சென்று, அங்குள்ள பழைய சப்பாத்தை வெளிச்சத்தில் ஒருமுறை வளைத்துப் பார்ப்பது அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.